லாகின்.டெஃப்ஸில் 90 நாள் போட்டும் பழைய கணக்குகளுக்குக் கடவுச்சொல் காலாவதி வரவில்லை – ரெட் ஹேட், டெபியன், ஏஐஎக்ஸ்

முனையம்12 (கேள்வி)

வணக்கம். 4 ரெட் ஹேட் 9, 2 டெபியன் 12 (இரண்டும் லினக்ஸ்), 1 ஏஐஎக்ஸ் 7.2 (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) – மொத்தம் 7 சர்வர். ஆட்கள் உள்ளே வரும் கணக்குகள் 60 இருக்கும். பேக்கப், மானிட்டரிங், கோப்பு அனுப்புதல் என்று நிரல்கள் பயன்படுத்தும் கணக்குகள் 15. எல்லாமே அந்தந்த மெஷினில் உள்ள உள்ளூர்க் கணக்குகள்தான், எல்டாப் (எல்லா மெஷினுக்கும் பொதுவான கணக்குப் பட்டியல்) கிடையாது. 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல் மாற வேண்டும், 30 நாள் தாண்டியும் மாற்றாதவரின் கணக்கு நின்றுவிட வேண்டும் என்று தணிக்கையில் எழுதிவிட்டார்கள்.

/ஈடிசி/லாகின்.டெஃப்ஸ் கோப்பில் பாஸ்_மேக்ஸ்_டேஸ் மதிப்பை 90 ஆக்கினேன். புதிதாக உருவாக்கிய சோதனைக் கணக்குக்கு 90 வருகிறது. பழைய கணக்குகள் எல்லாம் இன்னும் 99999 என்றே காட்டுகின்றன. ரீபூட் செய்தும் பயனில்லை.

என் சந்தேகங்கள்: எல்லாக் கணக்குக்கும் ஒரு லூப் போட்டு 90 வைத்துவிடலாமா? பாதிப் பேர் எஸ்எஸ்ஹெச் சாவியில் (கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு சாவிக் கோப்பைக் காட்டி) வருகிறவர்கள், அவர்களுக்கு இது பொருந்துமா? ஏஐஎக்ஸில் இதை எங்கே வைப்பது?

ஷேடோவரி

லூப்பை இன்று ஓட்டிவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

லாகின்.டெஃப்ஸ் கோப்பை யூசர்ஆட் கட்டளை கணக்கு உருவாக்கும் நேரத்தில் மட்டும் படிக்கும். படித்த எண்ணை /ஈடிசி/ஷேடோ கோப்பில் அந்தப் பயனரின் வரியில் எழுதிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. உள்நுழையும்போது பார்க்கப்படுவது ஷேடோ வரி மட்டுமே. அதனால்தான் ரீபூட் செய்தும் எதுவும் மாறவில்லை.

ஷேடோ வரியில் முக்காற்புள்ளியால் பிரித்த 9 புலங்கள் உண்டு. பெயர், மறைகுறியாக்கிய கடவுச்சொல், கடைசியாக மாற்றிய நாள், குறைந்தபட்ச நாள், அதிகபட்ச நாள், எச்சரிக்கை நாள், செயலற்ற நாள் (காலாவதிக்குப் பிறகும் மாற்ற விடும் நாள்கள்), கணக்கு முடியும் தேதி, கடைசியில் பயன்படாத ஒன்று. 3ஆம் புலத்திலும் 8ஆம் புலத்திலும் இருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்கள். 99999 என்பது 270 ஆண்டுக்கும் மேல், அதாவது காலாவதியே கிடையாது என்று பொருள்.

இந்தப் புலங்களைக் கையால் திருத்த வேண்டாம், சேஜ் கட்டளை இருக்கிறது (ஆங்கிலத்தில் சி, ஹெச், ஏ, ஜி, ஈ என்று ஐந்து எழுத்து). சிறிய எல் கொடுத்தால் ஒரு கணக்கின் நிலவரத்தைக் காட்டும். பெரிய எம் அதிகபட்ச நாள், சிறிய எம் குறைந்தபட்ச நாள், பெரிய டபிள்யூ எச்சரிக்கை, பெரிய ஐ செயலற்ற நாள், சிறிய டி கடைசியாக மாற்றிய தேதி, பெரிய ஈ கணக்கே முடியும் தேதி. பெரிய எம்முக்கும் சிறிய எம்முக்கும் விரல் மாறித் தட்டிவிட்டால் பயனர் 90 நாளைக்குத் தன் கடவுச்சொல்லை மாற்றவே முடியாது. ஒவ்வொரு முறையும் சிறிய எல் போட்டுச் சரிபாருங்கள்.

இப்போது லூப்புக்கு வருகிறேன். ஒருவர் கடைசியாக மாற்றி 400 நாள் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அதிகபட்சம் 90 என்று எழுதிய அந்த நொடியே அவர் கடவுச்சொல் காலாவதி. அதோடு செயலற்ற நாள் 30 என்றும் எழுதினால் 90+30=120, அவர் 400இல் நிற்கிறார். கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிக்கூடக் கேட்காது, கணக்கு முடிந்தது, நிர்வாகியைப் பாருங்கள் என்று வெளியே தள்ளிவிடும். 60 பேரில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருப்பார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் அவர்களை மாற்றச் சொன்னதில்லை.

எனவே முதலில் கணக்கெடுப்பு. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) இருந்துகொண்டு, வரிகளைப் புலம் புலமாகப் பிரிக்கும் ஆக் கட்டளையில் பிரிப்பானை முக்காற்புள்ளி என்று கொடுத்து, ஷேடோவின் 1, 3, 5, 7ஆம் புலங்களை அச்சிடுங்கள். இன்றைய நாள் எண் வேண்டுமானால் 1970இலிருந்து ஓடிய வினாடிகளை 86400ஆல் வகுத்தால் போதும். அதிலிருந்து 3ஆம் புலத்தைக் கழித்தால் ஒவ்வொருவரும் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த படியில் உண்மையான தேதிகள் அழிந்துவிடும், தணிக்கையாளர் கேட்டால் காட்ட அது வேண்டும்.

பிறகு ஆட்களை 15 பேர் வீதம் 4 குழுவாகப் பிரியுங்கள். கடைசியாக மாற்றிய தேதியாக முதல் குழுவுக்கு இன்றிலிருந்து 60 நாள் முந்தைய தேதி, அடுத்ததற்கு 45, அடுத்ததற்கு 30, கடைசிக் குழுவுக்கு 15 நாள் முந்தைய தேதி. அப்போது காலாவதி முறையே 30, 45, 60, 75 நாளில் வரும். எல்லோரும் ஒரே காலையில் உங்கள் மேஜை முன்னால் நிற்க மாட்டார்கள். தேதி, 90, குறைந்தபட்சம் 1, எச்சரிக்கை 14, செயலற்றது 30 எல்லாவற்றையும் ஒரே சேஜ் கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியே கொடுத்தால் 90 எழுதிய பிறகு தேதி எழுதுவதற்குள் இருக்கும் இடைவெளியில் யாராவது உள்ளே வந்து மாட்டிக்கொள்வார்.

லூப்புக்குப் பெயர்ப் பட்டியலை நீங்களே ஒரு கோப்பில் எழுதிக் கொடுங்கள். பயனர் எண் 1000க்கு மேல் இருப்பவை எல்லாம் என்று எடுத்தால் உங்கள் 15 நிரல் கணக்குகளும் உள்ளே வந்துவிடும். அவற்றில்தான் ஆபத்து.

புதிய கணக்குகளுக்கு: லாகின்.டெஃப்ஸில் 90, 1, 14 வைத்துவிட்டீர்கள் என்றாலும் செயலற்ற நாள் அங்கே கிடையாது. அது /ஈடிசி/டிஃபால்ட்/யூசர்ஆட் கோப்பில் இருக்கிறது. யூசர்ஆட் கட்டளைக்குப் பெரிய டி, சிறிய எஃப், 30 என்று கொடுத்தால் எழுதிவிடும். பலர் இதை விட்டுவிட்டு, 90 வேலை செய்கிறது, 30 ஏன் செய்யவில்லை என்று தேடுவார்கள். லாகின்.டெஃப்ஸிலேயே உள்ள பாஸ்_மின்_லென் வரியையும் நம்ப வேண்டாம். பேம் (உள்நுழைவைச் சரிபார்க்கும் மாட்யூல் அடுக்கு) உள்ள மெஷினில் அதை யாரும் பார்ப்பதில்லை, நீளத்தைத் தீர்மானிப்பது பேம்_பிடபிள்யூகுவாலிட்டி போன்ற பேம் மாட்யூல்.

நாழிகைக்காவல்

மேலே சொன்னது முழுக்கச் சரி. சாவி பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் காலாவதி வைத்த முதல் வாரத்தில் உடைவது இங்கேதான்.

சாவியில் வருகிறவருக்குக் கடவுச்சொல் காலாவதி பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பொருந்தும். எஸ்எஸ்ஹெச் சர்வர் அமைப்பில் யூஸ்பேம் 'எஸ்' என்று இருந்தால் (ரெட் ஹேட், டெபியன் இரண்டிலும் அப்படித்தான் வருகிறது) சாவி சரிபார்த்த பிறகும் பேமின் அக்கவுண்ட் கட்டம் ஓடும். அங்கே பேம்_யூனிக்ஸ் ஷேடோ வரியைப் பார்க்கும். காலாவதி ஆகியிருந்தால், சாவி சரியாக இருந்தாலும் இப்போதே கடவுச்சொல்லை மாற்று என்று நிறுத்தும். மாற்ற வேண்டுமென்றால் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். சாவியில் மட்டுமே வந்து பழகியவருக்கு அது என்ன என்றே தெரியாது. அங்கேயே நின்றுவிடுவார்.

ஆளாவது போன் செய்து சொல்வார். ஆர்சிங்க், எஸ்சிபி, ஆன்சிபிள் போன்ற கோப்பு நகலெடுக்கும், தானியங்கிக் கருவிகள் டெர்மினல் இல்லாமல் வருகின்றன. கடவுச்சொல் மாற்ற வேண்டும், டெர்மினல் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பு அறுந்துவிடும். பேக்கப் நின்று போனது ரெஸ்டோர் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) இன்னும் மோசம். அதுவும் பேமின் அக்கவுண்ட் கட்டத்தைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ரூட்டின் கடவுச்சொல் காலாவதியானால் ரூட்டின் கிரான் வேலைகள் அத்தனையும் ஓசையில்லாமல் நிற்கும். பதிவில் மட்டும் 'ஆத்தென்டிகேஷன் டோக்கன் இஸ் நோ லாங்கர் வேலிட். நியூ ஒன் ரிக்வயர்ட்' என்று ஒரு வரி விழும். ரெட் ஹேட்டில் /வார்/லாக் அடியில் கிரான், செக்யூர் கோப்புகளிலும், டெபியனில் ஆத்.லாக் கோப்பிலோ ஜர்னலிலோ பார்க்கலாம். அந்த வரி வந்தால் எச்சரிக்கை அனுப்பும்படி மானிட்டரிங்கில் இன்றே ஒரு விதி எழுதிவிடுங்கள்.

நிரல் கணக்குகள் 15க்கும் நான் பரிந்துரைப்பது: கடவுச்சொல் புலத்தில் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கட்டும் (யூசர்மாட் சிறிய பி கொடுத்து வைக்கலாம், நட்சத்திரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் இடுங்கள், இல்லையென்றால் ஷெல் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும்). எந்தச் சொல்லைத் தட்டினாலும் பொருந்தாது, சாவி மட்டுமே வழி. அந்தக் கணக்குக்குச் சேஜ் பெரிய எம் மைனஸ் 1. கடவுச்சொல்லே இல்லாத கணக்குக்குக் கடவுச்சொல் காலாவதி வைத்து ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை. தணிக்கைக் குறிப்பில் இதை விதிவிலக்காக எழுதி, பதிலுக்குச் சாவியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம் என்று சேர்த்துவிடுங்கள். நல்ல தணிக்கையாளர் இதை ஏற்றுக்கொள்வார்.

சாவியில் வரும் ஆட்களுக்கு, அவர்கள் சூடோவுக்கு (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டுவது) கடவுச்சொல் பயன்படுத்துகிறார்கள் என்றால், காலாவதி இருக்கட்டும். ஆனால் எஸ்எஸ்ஹெச் வாசலில் நிற்க வேண்டாம் என்றால் பேம்_யூனிக்ஸின் அக்கவுண்ட் வரியில் நோ_பாஸ்_எக்ஸ்பைரி என்ற விருப்பத்தைச் சேர்க்கலாம். சாவி போன்ற வேறு வழியில் ஒருவர் உள்ளே வந்திருந்தால் மட்டும் அது காலாவதியைக் கண்டுகொள்ளாது. கடவுச்சொல் தட்டி வருகிறவருக்கு வழக்கம்போல் மாற்றச் சொல்லும். ரெட் ஹேட்டில் பொதுவான பேம் கோப்புகளைக் கையால் திருத்தினால், அவற்றை எழுதும் ஆத்செலக்ட் கருவி அடுத்தமுறை அழித்துவிடும், தனி ப்ரொஃபைல் உருவாக்கி அதில் எழுதுங்கள். டெபியனில் காமன்-அக்கவுண்ட் கோப்பு.

இன்னொன்று. பாஸ்டபிள்யூடி கட்டளைக்குச் சிறிய எல் கொடுத்துப் பூட்டினால் கணக்கு மூடப்பட்டது என்று நினைக்காதீர்கள். பூட்டுவது கடவுச்சொல்லை மட்டுமே, யூஸ்பேம் இருக்கும் மெஷினில் சாவி தொடர்ந்து திறக்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூட யூசர்மாட் சிறிய ஈ, 1 என்று கொடுங்கள். 1970 ஜனவரி 2ஆம் தேதியே முடிந்த கணக்காகிவிடும், சாவியும் செல்லாது. 0 கொடுக்க வேண்டாம், 8ஆம் புலத்தில் 0 என்றால் முடிவே இல்லை என்றும் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

முனையம்12

மிகவும் நன்றி. கணக்கெடுப்பு எடுத்துவிட்டேன், 60இல் 41 பேர் 120 நாளைத் தாண்டியவர்கள். லூப் ஓட்டியிருந்தால் அவ்வளவு பேரும் வெளியே.

இரண்டு விஷயம் இன்னும் புரியவில்லை. சோதனைக் கணக்கில் குறைந்தபட்ச நாளை 7 என்று வைத்து, நான் ரூட்டாக ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்தேன். அந்தக் கணக்கில் நுழைந்து மாற்றப் பார்த்தால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்கிறது. மற்றொன்று, காலாவதியான உடனே மாற்றிவிட்டு, அடுத்த நிமிடம் பழையதற்கே திரும்பிவிட்டால் என்ன செய்வது? ரூட்டையும் 90க்குள் சேர்க்கலாமா?

ஷேடோவரி

நீங்கள் ரூட்டாகக் கொடுத்ததும் ஒரு மாற்றமாகவே பதிவாகிறது, 3ஆம் புலம் இன்றைய தேதியாகிவிடும். அதிலிருந்து 7 நாள் பயனரால் மாற்ற முடியாது. தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்த கையோடு சேஜ் சிறிய டி 0 கொடுங்கள். 3ஆம் புலம் 0 ஆனால் அடுத்த உள்நுழைவில் கட்டாயம் மாற்றச் சொல்லும், 7 நாள் தடையும் விலகும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 3ஆம் புலம் 0 என்று இருக்கும்வரை பேம்_யூனிக்ஸ் செயலற்ற நாளைக் கணக்கிடுவதே இல்லை. அந்த ஆள் உள்ளே வரவே இல்லையென்றால் நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்த தற்காலிகச் சொல் ஓர் ஆண்டு கழித்தும் செல்லும். யார் கையில் கிடைத்தாலும் அவர் அதை மாற்றிக்கொண்டு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். எனவே கூடவே சேஜ் பெரிய ஈ-யில் 3 நாள் கழித்து வரும் தேதியைக் கொடுங்கள். பயனர் மாற்றியதும் மைனஸ் 1 கொடுத்து அந்தத் தேதியை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கைவேலைதான், ஆனால் விடக்கூடாத வேலை.

பழையதற்கே திரும்புவதைத் தடுக்கப் பேம்_பிடபிள்யூஹிஸ்டரி. பேமின் பாஸ்வேர்ட் அடுக்கில் பேம்_யூனிக்ஸுக்கு முன்னால் வர வேண்டும், ரிமெம்பர் மதிப்பு 5 என்று கொடுக்கலாம். பழைய சொற்களின் ஹேஷ் (மறைகுறியாக்கிய வடிவம்) /ஈடிசி/செக்யூரிட்டி/ஓபாஸ்டபிள்யூடி கோப்பில் சேரும், அது ரூட்டுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச நாள் இதோடு சேர்ந்துதான் பொருள்படும். அது 0 என்றால் ஒருவர் ஐந்தாறு முறை வரிசையாக மாற்றி வரலாற்றைத் தள்ளிவிட்டுப் பழையதற்கு வந்துவிடுவார். 1 போதும், 7 தேவையில்லை. தன் கடவுச்சொல் கசிந்துவிட்டதோ என்று ஐயப்படுகிறவர் உடனே மாற்ற முடிய வேண்டும். 7 நாள் காத்திரு என்று சொல்வது பாதுகாப்புக்கு நேர் எதிர்.

ரூட்: பெரிய எம் மைனஸ் 1 வைத்துவிட்டு, 90 நாளுக்கு ஒருமுறை நீங்களே நாள்காட்டியில் குறித்து மாற்றுங்கள், கிரான் பற்றி மேலே சொன்னதுதான் காரணம். எல்லோரும் சூடோவில்தான் வேலை செய்கிறார்கள், ரூட்டைப் பூட்டிவிடலாம் என்று தோன்றும். மெஷின் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றால் அங்கே ரூட்டின் கடவுச்சொல்லைத்தான் கேட்கும், பூட்டிய ரூட் என்றால் கன்சோலே திறக்காது. அதற்கு மாற்று வழி கையில் இல்லாமல் பூட்டாதீர்கள்.

வாரக்கணக்கு

ஏஐஎக்ஸ் பற்றி யாரும் தொடவில்லை. லினக்ஸ் பழக்கத்தோடு அங்கே போனால் இரண்டு இடத்தில் தவறும்.

ஒன்று அளவு. /ஈடிசி/செக்யூரிட்டி/யூசர் கோப்பில் மேக்ஸ்ஏஜ் என்பது வாரக் கணக்கு, 0 முதல் 52 வரை. 90 என்று எழுத வழியில்லை. 13 வாரம் 91 நாள், விதியை ஒரு நாள் மீறும். 12 என்று வையுங்கள், 84 நாள். மேக்ஸ்எக்ஸ்பயர்ட் என்பதும் வாரம்தான், காலாவதிக்குப் பிறகு பயனர் தானே மாற்றிக்கொள்ள எவ்வளவு காலம் என்று சொல்வது. உங்கள் 30 நாளுக்கு 4 பொருத்தம். 0 கொடுத்தால் காலாவதியான கணத்திலிருந்து நிர்வாகி மட்டுமே மாற்ற முடியும். எச்சரிக்கைக்கான பிடபிள்யூடிவார்ன்டைம் மட்டும் நாள் கணக்கு.

இரண்டாவது இதைவிட முக்கியம். அந்தக் கோப்பின் டிஃபால்ட் பத்தி லாகின்.டெஃப்ஸ் போல் கிடையாது. தனக்கென்று மதிப்பு எழுதப்படாத எல்லாக் கணக்கும் அங்கிருந்தே நேரடியாகப் படிக்கும். டிஃபால்டில் 12 எழுதிச் சேமித்த அடுத்த நொடியே பழைய கணக்குகள், நிரல் கணக்குகள் உட்பட எல்லாவற்றுக்கும் அமலாகிவிடும். எனவே முதலில் சீஹெச்யூசர் கட்டளையால் ரூட்டுக்கும் நிரல் கணக்குகளுக்கும் மேக்ஸ்ஏஜ் 0 வையுங்கள், பிறகு ஆட்களுக்கு ஒவ்வொருவராக 12 வையுங்கள். டிஃபால்டைத் தொடுவது கடைசியில். மாற்றிய நேரம் /ஈடிசி/செக்யூரிட்டி/பாஸ்டபிள்யூடி கோப்பில் லாஸ்ட்அப்டேட் என்று இருக்கும், அது நாள் கணக்கில் இல்லை, வினாடி.

நிர்வாகி கடவுச்சொல் மாற்றிக் கொடுத்தால் ஏடிஎம்சிஹெச்ஜி என்ற கொடி தானாக ஏறும், பயனர் அடுத்த உள்நுழைவில் மாற்றியாக வேண்டும். நிரல் கணக்குக்கு அப்படிக் கொடுத்திருந்தால் பிடபிள்யூடிஏடிஎம் கட்டளைக்குச் சிறிய சி கொடுத்துக் கொடியை இறக்குங்கள்.

நாழிகைக்காவல்

இரண்டு சிறு விஷயம் சேர்க்கிறேன்.

லினக்ஸில் பேம்_யூனிக்ஸ் நாளை எண்ணுவது யூடிசியில் (உலகப் பொது நேரம்). இந்திய, இலங்கை நேரத்தில் நாள் மாறுவது காலை 5:30 மணிக்கு. இரவு 12 மணிக்குக் கணக்கு முடியும் என்று எதிர்பார்த்துச் சோதிக்கிறவர்கள் குழம்புவார்கள். அதுபோல மெஷினின் கடிகாரம் எதிர்காலத்தில் இருந்தபோது யாராவது கடவுச்சொல் மாற்றியிருந்தால், கடிகாரம் சரியான பிறகு 3ஆம் புலம் இன்னும் வராத தேதியைக் காட்டும். பேம்_யூனிக்ஸ் 'சேஞ்ஜ்ட் இன் ஃபியூச்சர்' என்று பதிவில் எழுதிவிட்டு உள்ளே விட்டுவிடும், அந்தத் தேதி வரும்வரை காலாவதி வேலை செய்யாது. கணக்கெடுப்பில் எதிர்மறை எண் வந்த கணக்குகளைத் தனியே பாருங்கள்.

எச்சரிக்கை 14 நாள் என்று வைத்தாலும் அது உள்நுழைவில் மட்டுமே தெரியும். எஸ்எஃப்டிபி கிளையன்ட் வழியாக மட்டும் வருகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். 3ஆம் புலத்தோடு 5ஆம் புலத்தைக் கூட்டி இன்றைய நாளைக் கழித்தால் மிச்சநாள். அது 14, 7, 3, 1 ஆகும் நாள்களில் மின்னஞ்சல் அனுப்பும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டை ரூட் கிரானில் போடுங்கள்.

திறவுகோல்_ஏன்

செய்முறை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் 90 என்ற எண்ணைக் கேள்வி கேட்காமல் விட எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் நிஸ்ட் தர நிர்ணய அமைப்பு 2017இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியிலேயே காலமுறைப்படி கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக்கூடாது, கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் கட்டாயம் மாற்றவைக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. 2025இல் வந்த நான்காம் திருத்தம் அதை இன்னும் கண்டிப்பான விதியாக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் விண்டோஸ் 10 பதிப்பு 1903க்கான பாதுகாப்பு அடிப்படை அமைப்பிலிருந்து காலாவதியை நீக்கியது. சிஐஎஸ் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பின் லினக்ஸ் பரிந்துரைகள் கேட்பது 365 நாளுக்குள் என்றுதான்.

காரணம் எளியது. 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் ஆட்கள் புதிய சொல்லை யோசிப்பதில்லை, கடைசி எண்ணை 1லிருந்து 2 ஆக்குகிறார்கள். பழைய சொல் தெரிந்தவருக்குப் புதியதை ஊகிக்க நிமிடம்கூட ஆகாது. பேம்_பிடபிள்யூஹிஸ்டரி இதைப் பிடிக்காது, ஹேஷ் வேறாகத்தானே இருக்கும். பேம்_பிடபிள்யூகுவாலிட்டியின் டிஃப்ஓகே (பழையதிலிருந்து எத்தனை எழுத்து மாற வேண்டும்) மதிப்பைக் கூட்டினால் ஓரளவு தடுக்கலாம்.

உங்கள் தணிக்கை பிசிஐ டிஎஸ்எஸ் 4.0.1 (கட்டண அட்டைத் தரவுப் பாதுகாப்பு விதி) அடிப்படையில் என்றால் 8.3.9ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடவுச்சொல் ஒன்று மட்டுமே அடையாளச் சான்றாக இருக்கும் இடத்தில்தான் 90 நாள் கேட்கிறது. சாவியோடு ஓடிபியும் கட்டாயம் என்று ஆக்கிவிட்டால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. 60 பேரை ஆண்டுக்கு 4 முறை மாற்றவைக்கும் உழைப்பை அதில் செலவிடலாம். வேறு விதிப்படி என்றால் எந்த விதி, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முனையம்12

பிரிவு எண் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை 4 குழுப் பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறேன். நிரல் கணக்குகளுக்கு நட்சத்திரக் குறியும் மைனஸ் 1ம் இன்றே போட்டாயிற்று. ஏஐஎக்ஸில் டிஃபால்ட் பத்தியைத் தொடவில்லை.